மாதிரி அனுப்பாதவர்

எங்கள் துறையில் அவருக்குப் பாஸ்போர்ட் மேடம் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நுழைந்ததும், வணக்கத்துக்குக்கூடக் காத்திராமல், யார் யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, கை தூக்குங்கள் என்பார். அறுபது பேரில் நாற்பது கை எழும். காலாவதி ஆகாதது எத்தனை என்று அடுத்த கேள்வி வரும். பத்துக் கை இறங்கும். "வெளிநாட்டுல வியாபாரம் பண்ணப் போறோம்னு வந்து உக்காந்திருக்கீங்க. வாசக்கதவுக்கே சாவியக் காணோம்" என்பார். வகுப்பு சிரிக்கும். அதற்கப்புறம் அந்த வருடம் முழுவதும் அவர் கிழித்த கோட்டை யாரும் தாண்டமாட்டார்கள்.

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அவர் நடத்தியது சர்வதேசத் தொழில்முனைவு. ஒரு சின்னக் கம்பெனி எப்படிக் கடல் தாண்டுகிறது, ஏன் பாதிக் கடலில் முழுகுகிறது என்பதுதான் பாடம். நான் பக்கத்து மேசைக்காரி, சந்தைப்படுத்தல் நடத்துபவள். மூன்றாவது மாடியில், ஏ.சி. குழாய் குறுக்கே போவதால் பாதிதான் திறக்கும் ஒரே ஒரு ஜன்னலுள்ள அறையில், பத்து வருடம் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். அவர் விடைத்தாளைத் திருத்தும்போது வாய்க்குள் முனகுவார்; நான் பாட்டு கேட்பேன். இருவரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டோம்.

அவருடைய அப்பா தபால்காரர். இரண்டே பெண்கள். அக்கா எட்டு வயது மூத்தவர். அக்காவைக் கட்டியவர் பைப் வளைக்கும் தொழிலில் இருந்தார். இரும்புக் குழாயை வளைத்து, மடக்கி விரிக்கிற துணி காயப்போடும் ஸ்டாண்டுகள் செய்கிற சிறிய பட்டறை. எட்டு ஆட்கள். அந்த அத்தானுக்கு மச்சினி மேல் தனிப் பெருமை. இவருக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், இவர் முனைவர் பட்டம் வாங்கிய அன்று பட்டறைக்கு விடுமுறை விட்டதும் அவர்தான். பட்டறைக்கு யார் வந்தாலும், "எங்க வீட்ல ஒரு டாக்டர் உண்டு. ஊசி போடற டாக்டர் இல்ல, யோசனை சொல்ற டாக்டர்" என்பாராம்.

அந்த யோசனையில்தான் எல்லாம் தொடங்கியது.

நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு மாநாட்டுக்காக மேடம் குளிர் நாடொன்றுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார். அங்கே வெயில் கிடையாது, துணியை நாற்காலி முதுகிலும் சூடேற்றும் குழாய் மேலும் போட்டுக் காயவைக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்திருந்தார். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, நம் ஸ்டாண்டை அங்கே அனுப்பலாம் என்று அத்தானிடம் சொன்னார். அக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தான் யோசித்துவிட்டு, முதலில் ஓர் இருபது ஸ்டாண்டை மாதிரிக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். பைப் வளைக்கிறவருக்கு இயல்பாகவே இருக்கிற நிதானம் அது. கொஞ்சம் வளைத்துப் பார்த்துத்தானே மீதியை வளைப்பார்கள்?

"இருபது அனுப்பினா எவனாவது பாத்து காப்பியடிச்சு முந்திக்குவான் அத்தான். போறதுன்னா முழுசா போகணும்" என்றார் மேடம்.

பிறந்த அன்றே உலகச் சந்தையில் குதிக்கும் கம்பெனிகளைப் பற்றி அப்போதுதான் மேடம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைகள் நாக்கில் புதுசாக இருந்தன. அத்தான் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு கன்டெய்னருக்கு வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டுதான். விரித்தால் ஆறரை அடி. அந்த ஊர் வீடுகளில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை என்பது கப்பல் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மேடம் அங்கே பார்த்தது ஹோட்டல் அறையையும், விருந்துக்குக் கூப்பிட்ட ஒரு பேராசிரியரின் பெரிய வீட்டையும்தான். சாதாரண ஜனங்கள் இருக்கும் ஓர் அறைக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. அங்கிருந்த ஏஜென்ட், இதை விரிக்க வேண்டுமானால் முதலில் சுவரை இடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாராம்.

சரக்கு விற்கவில்லை; கடனில் பட்டறை போயிற்று. அக்காவும் அத்தானும் ஒரு மாடிப் போர்ஷனுக்கு மாறினார்கள். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தான் வேறொருவரின் ஷெட்டில், ஆஸ்பத்திரிகளுக்கு வாக்கர் செய்யும் இடத்தில், மேஸ்திரியாகப் போனார். போகும் முன் மச்சினிக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ சொல்லித்தான் அனுப்பினேன்னு உங்கக்காகிட்ட மூச்சு விடாத. அக்கா தங்கச்சிக்குள்ள எதுக்கு?"

சரி அத்தான் என்றார் இவர். சொன்னபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதாகவும், அப்படி இறங்கியதை நினைத்துத்தான் பிற்பாடு ரொம்ப வெட்கப்பட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

இதெல்லாம் எனக்கு வெகுநாள் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேஸ்தான். ஒரு கம்பெனிக்கு நேர்ந்ததைக் கதையாக எழுதி, மாணவர்கள் அலசுவதற்காகக் கொடுக்கிற பத்துப் பக்கத்தை நாங்கள் கேஸ் என்போம். பதவி உயர்வுக்குச் சொந்தமாக ஒரு கேஸ் எழுதியிருக்க வேண்டும் என்று வந்தபோது, மேடம் அத்தானின் கதையை எழுதினார். ஊரை மாற்றினார், பெயரை எடுத்தார். முதல் வரைவில் "உறவினர் ஒருவரின் ஆலோசனைப்படி" என்று ஒரு வரி இருந்தது. பாடத்தின் கூர்மை கெடுகிறது என்று இரண்டாம் வரைவில் அதை எடுத்தார். மூன்றாம் வரைவில் அந்த இடம் காலியாக இருப்பதுபோல் தோன்றியதால் வேறொரு வரியைப் போட்டார்: "யாரையும் கலந்துகொள்ளாமல், ஒரு மாதிரிகூட அனுப்பிப் பார்க்காமல், உரிமையாளர் எடுத்த எடுப்பில் இரண்டு கன்டெய்னர் அனுப்பினார்."

மூன்று வரைவு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திருத்தம். உட்கார்ந்து திட்டம் போட்டுப் பொய் சொன்னால்கூட இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

கேஸ் பிரமாதமாக எடுபட்டது. ஒன்பது வருடம் அதை நடத்தினார். நானும் என் வகுப்பில் எடுத்து நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் அந்த உரிமையாளருக்குக் கன்டெய்னர் மாமா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருடம் பிரியாவிடை விழாவில் அதை நாடகமாகவே போட்டார்கள். ஒட்டுமீசை வைத்த ஒருவன் பெரிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கதவுக்குள் நுழைய முடியாமல் இடித்து இடித்து விழுந்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம். முதல் வரிசையில் மேடம் கைதட்டிக்கொண்டிருந்தார்.

போன வருடம் எங்கள் வகுப்பில் பல் டாக்டர் ஒருத்தி சேர்ந்தாள். சொந்தக் கிளினிக்கை மூடிவிட்டு வந்தவள். எதையும் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அந்த வருடம் மேடம் புதிதாக ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்: படித்த கேஸ்களில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் நிஜ மனிதரைத் தேடிப்பிடித்து வகுப்புக்கு அழைத்து வர வேண்டும். பெரிய கம்பெனிகளின் கேஸ்களை மனதில் வைத்துக் கொடுத்த பயிற்சி. பல் டாக்டரின் வீட்டில் ஒரு பழைய துணி ஸ்டாண்ட் இருந்தது. கேஸில் எழுதியிருந்த அதே அமைப்பு, அதே ஆறரை அடி, காலில் பட்டறையின் பெயர் அச்சடித்த ரப்பர் மூடி. பெயரை வைத்துக்கொண்டு நாலு பேரை விசாரித்தாள், ஆளைப் பிடித்துவிட்டாள். உங்கள் ஏற்றுமதி அனுபவத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்றாள். எந்தக் காலேஜ் என்று கேட்டுக்கொண்ட அவர், ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வருகிறேன் என்றாராம். மச்சினிக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று உறவைச் சொல்லவில்லை. கேஸ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

வரப்போகும் விருந்தினர்களின் பட்டியலில் "சிறுதொழில் உரிமையாளர்" என்று மட்டும் போட்டிருந்தது. யார் வருகிறார் என்று பார்க்கும் ஆவலில் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். காலை பதினோரு மணி. கதவைத் திறந்துகொண்டு பல் டாக்டர் வந்தாள், பின்னால் அவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, பூசணிக்காயே சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்?

அவர் மேடத்தைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார். எப்படி, பார்த்தாயா என்பதுபோல் ஒரு சிரிப்பு.

"வாங்க சார்" என்றார் மேடம்.

சார். அந்த ஒரு சொல்லில் அவர் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு கையைக் கூப்பி, "வணக்கம் மேடம்" என்றார். அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, வந்தவர் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வகுப்புத் தலைவன் மரியாதைக்காக அவர் கையில் கேஸின் ஒரு பிரதியைக் கொடுத்து, உங்களைப் பற்றித்தான் சார், ஒன்பது வருடமாகப் படிக்கிறார்கள் என்றான். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். விரலால் வரி வரியாகத் தொட்டுப் படிக்கிறவர். அறுபது பேர் காத்திருந்தார்கள். புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மேடம் மேசை விளிம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் முன் வரிசைப் பையன் ஒருவன் எல்லோருக்கும் வாயில் ஊறிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

"ஏன் சார், ஒரு பத்து பீஸ் மொதல்ல அனுப்பிப் பாத்திருக்கலாமே? யாரையாவது கேட்டிருக்கலாமே?"

அவர் மேடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசரந்தான் தம்பி. வேற என்ன சொல்ல? தன்னால கெட்டவனுக்குத் தெய்வம் என்ன பண்ணும்?"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல, ஆனாலும் சிரிப்பு. அவரும் கூடச் சிரித்தார். மேடம் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, "அடுத்த கேள்வி?" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இருவரும் தனியாக நின்றார்கள். பேசியதை மேடம் பிறகு எனக்குச் சொன்னார். அத்தான் முதலில் கேட்டது, அக்கா இதைப் படித்திருக்கிறாளா என்று. இல்லை என்றார் இவர். கொடுக்காதே என்றார். பிறகு தயங்கி, ஒரே ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது என்றார். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பைப்பு பத்தொம்பது மில்லின்னு போட்டிருக்கே. நம்மளுது இருவத்திரெண்டு. பத்தொம்பதுல செஞ்சா ஈரத்துணி பாரத்துக்கு வளஞ்சிரும்மா. படிக்கிற புள்ளைங்க என்னை வேலை தெரியாதவன்னு நெனச்சிரும். அத மட்டும் மாத்திடு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

மேடம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவரு எங்க அத்தான்" என்றார். பிறகு பின்னால் திரும்பிப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பேசுவதுபோல், முழுவதையும் சொன்னார். அந்த நாடகத்துக்குச் சிரித்த என் சிரிப்பு என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாதிரி அனுப்பலாமா என்று கேட்டவர் அவர், வேண்டாம் என்றவள் நான், அந்த வரியை எழுதியவளும் நான் என்றார். அப்புறம் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். பெரிய தைரியம் மேடம் என்று வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது, அந்த சார் வீட்டில் இதெல்லாம் தெரியுமா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

துறைத் தலைவர் காதுக்கும் எட்டியது. அருமையான விஷயம், இதையே இன்னொரு கேஸாக எழுதுங்கள், ஆசிரியரே செய்த தவறு என்று யாரும் எழுதியதில்லை, ஏதாவது மாநாட்டில் படிக்கலாம் என்றார். அன்று மாலை மேடம் என்னிடம் சொன்னது மறக்கவில்லை.

"அவரு சொல்லி முடிக்கல, நான் மனசுக்குள்ள தலைப்பு யோசிச்சிட்டேன். அத்தான் பொழப்ப வித்தேன். இப்ப என் குத்தத்தையும் விக்கப் பாத்தேன். என்ன ஜென்மம் நான்?"

வகுப்பில் சொன்னது சுலபம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அறுபது பேருக்கு முன்னால் சொன்னால் கைதட்டுவார்கள். ஒருத்திக்கு முன்னால் சொல்வதுதான் பாக்கி இருந்தது.

அத்தான் வேண்டாம் என்று சொல்லியும், ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் ஷெட்டில் இருந்தார். அக்கா, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த விண்ணப்பங்களை வகுப்புவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். இவர் கேஸை எடுத்து மேலே வைத்தார். அக்காவுக்கு அந்த நடை புரியவில்லை. நீயே சொல்லு என்றார். இவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, இருபது மாதிரி, போறதுன்னா முழுசா போகணும் என்றது, போனில் சொன்ன சரி, மூன்று வரைவு, நாடகம், சார் என்று கூப்பிட்டது. எதையும் விடவில்லை.

அக்கா அழவுமில்லை, கத்தவுமில்லை. விண்ணப்பங்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார்.

"பட்டறை போனதுக்கு நான் உன்ன ஒண்ணும் கேக்கல. நீ சொன்னாலும் கையெழுத்து போட்டது அவருதான். ஆனா பதினோரு வருஷமா அந்த மனுஷன நான் பேசின பேச்சு இருக்கே, அத யாரு திருப்பி எடுப்பா? நீ வர்றப்பல்லாம் உன் முன்னாலயே பேசுவேன். நீ என்ன சொல்லுவ தெரியுமா? 'விடுக்கா, பாவம் அத்தான், அவருக்கு வியாபாரம் தெரியல.' எங்களுக்கு நடுவுல உக்காந்துகிட்டு சமாதானம் வேற பண்ணி வச்சே."

மேடம் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. அவரே மறந்திருந்தாராம். அக்கா சொன்னதும், எத்தனை முறை, எந்தெந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த வார்த்தைகளைச் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்ததாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது என்றார். மன்னிச்சிடுக்கா என்று சொல்ல எழுந்தவர், சொல்லாமலே நின்றாராம். அதைக் கேட்கக்கூடத் தகுதி இல்லை என்று தோன்றியதாம். அக்கா, எனக்கு வேலை இருக்கிறது, நீ கிளம்பு என்றார்.

அன்று சாயங்காலம் அத்தான் போன் செய்தார். முதல்முறையாகக் கோபமாகப் பேசினார். உன்னை யார் சொல்லச் சொன்னது, நான்தான் வேண்டாம் என்றேனே, உன் மனபாரத்தை இறக்கி வைக்க என் வீடுதான் கிடைத்ததா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. பழைய கேஸைத் துறையிலிருந்து எடுத்துவிட்டார். நானும் என் பிரதியைக் கிழித்துப் போட்டேன். அதே பாடத்துக்குப் புதிதாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். மாநாட்டுக்கும் அனுப்பவில்லை, பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. "நிர்வாகவியல் ஆசிரியையான மைத்துனி, மாதிரி அனுப்ப வேண்டாம் என்று வற்புறுத்தினார்" என்று அதில் இருக்கிறது. பைப் இருபத்திரண்டு மில்லிமீட்டர். யார் அந்த மைத்துனி என்று வருடத்துக்கு யாராவது ஒருவர் கேட்கத்தான் போகிறார். இந்த வருடமே கேட்டார்கள். நான்தான் என்றார். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும், அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் மேடம் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, செய்ய விடவும் மாட்டார் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா இவரோடு பேசுவதை விட்டுவிடவில்லை. ஆனால் அளந்து பேசுகிறார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, வைக்கட்டுமா. இவர் வீட்டுக்குப் போனால் அக்காவுக்கு உள்ளே ஏதாவது வேலை இருக்கும். டீயை அத்தான்தான் கொண்டுவந்து வைப்பார். அவருக்குக் கோபம் ஒரு வாரத்திலேயே தணிந்துவிட்டது. போன மாதம் போனபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாராம்.

"உங்கக்கா இப்பல்லாம் என்னத் திட்டறதே இல்ல. என்ன கேட்டாலும் சரிங்க, சரிங்கன்றா. சட்டைய மடிச்சிக் கையில குடுக்கறா. எனக்கு ஏதோ விருந்தாளியா வந்து தங்கின மாதிரி இருக்கு. நீயே ஒரு தடவ சொல்லேன், பழையபடி ரெண்டு திட்டு திட்டச் சொல்லி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். மேடம் டீயைக் குடிக்க முடியாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே அக்கா அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. போய் அக்காவிடம் பேசலாமா என்று நினைத்து, என்ன சொல்வதென்று தெரியாமல், அத்தானிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.